ஐம்பத்தெட்டாம் நம்பர் எழுத்து

கடைக்குப் பெயர் வைக்க ஜோசியரிடம் போகிறவர்கள், அந்தப் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்று கேட்க எங்களிடம் வருகிறார்கள். இரண்டு பேரில் ஜோசியர் சொல்வதை மட்டும் மாற்றாமல் கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் இந்தத் தொழிலில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். நீங்கள் ரவிக்கை தைப்பவராக இருக்கலாம், கேக் மேல் கிரீமில் பெயர் எழுதுகிறவராக இருக்கலாம், மண்டபத்தில் பூ ஜோடிப்பவராக இருக்கலாம். “உங்களுக்குத் தெரியாததா, நீங்களே பார்த்துச் செய்யுங்க” என்று ஆரம்பித்து, எதைச் செய்யவே கூடாது என்று நினைத்தோமோ அதையே நம் கையால் செய்யவைத்துவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் வேறு மாடல் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அறுபத்து நாலு வணக்கம்

எங்கள் கடை கரையான்சாவடியில் மெயின் ரோட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை, பேனர், பத்திரிகை, ஆண்டு மலர் எல்லாம் செய்து கொடுப்போம். கவுண்டரில் முதலாளி பாஸ்கர் உட்கார்ந்திருப்பார். என்னைவிட இருபத்திரண்டு வயது சின்னவர். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். வீட்டுக்காரர் ஆவடி தொழிற்சாலையில் இருந்தபோது, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். ஆட்கள் முன்னால் பேச எனக்கு வராது. தடுப்பு இருப்பதால்தான் இத்தனை வருஷம் ஓடியது. பாஸ்கர் அக்கா என்று கூப்பிடுவதால், கடைக்கு வருகிற அநேகமாக எல்லோருக்கும், பேத்தி வயதுக்காரர்களுக்கும், நான் அக்காதான்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பதினான்கு வகைத் தமிழ் எழுத்து இருக்கிறது. மூன்று தடவை எண்ணியிருக்கிறேன். அதில் அறுபத்து நாலை ஒரே அட்டையில் அச்சடித்து, லேமினேட் செய்து கவுண்டரில் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ‘வணக்கம்’ என்ற ஒரே வார்த்தை, பக்கத்தில் நம்பர். ஓட்டலில் டிபன் சொல்வதுபோல நம்பர் சொல்வார்கள். பாஸ்கர் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, “அம்பத்தெட்டு ஒண்ணு, பன்னெண்டு ரெண்டு!” என்று குரல் கொடுப்பார்.

பட்டாபிராமிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வேலைக்கு வருகிறேன். பஸ் ஜன்னலில் ஒரு பலகை கண்ணில் பட்டு மறைவதற்குள் நாலு வரை எண்ணலாம். நாலுக்குள் படிக்க முடிந்தால் அந்த எழுத்து தேறியது என்பது என் கணக்கு. அதனால் பலகை எதையும் அச்சுக்கு அனுப்பும் முன், பெயரைத் தாளில் எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று, கண்ணை மூடித் திறந்து நாலு எண்ணிப் பார்ப்பேன். பாஸ்கருக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். “இன்னாக்கா, எய்த்து இன்னா கொழம்பா, உப்பு பாத்துகினு கீறே? அனுப்பிவுடுக்கா!”

தொண்ணூறு நாள்

தேன்மொழி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. முப்பது வயதிருக்கும், விழுப்புரம் பக்கத்துப் பெண். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. திருவேற்காட்டில் புது ஃபிளாட். கரையான்சாவடிக்கு ஒரு ஸ்டாப் முன்னால், ஆவடி ரோட்டின் மேலேயே சின்னக் கடை ஒன்று பிடித்து இட்லி மாவு அரைத்து விற்கப் போகிறாள். பெயர் ‘அன்னம் இட்லி மாவு’. கவுண்டரில் கூட்டமாக இருந்ததால் பாஸ்கர் அவளை நேரே என்னிடம் அனுப்பிவிட்டார். நான் தட்டத் தட்ட அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு படித்துவிட்டு மாவு அரைப்பதா என்று மாமியாருக்குக் கோபம். கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம். அதற்குள் கடை காலூன்றி நின்றால் நடத்தலாம். நிற்காவிட்டால் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் கடை என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது. “தொண்ணூறு நாள்க்கா” என்று விரலை மடக்கினாள். எண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

அட்டையில் ஐம்பத்தெட்டைக் காட்டினாள். முடிபோல மெல்லிய எழுத்து. ஒவ்வொன்றின் வாலும் கொடியாகச் சுருண்டு அடுத்ததன் தலையைத் தொடும். வளைகாப்புப் பத்திரிகைக்கு நல்லது, கையில் வைத்துப் படிப்பார்கள். ரோட்டுக்கு ஆகாது. அதுவும் ரோஜா நிறத்தின் மேல் வெள்ளையில் வேண்டும் என்றாள். “இது கொஞ்சம்...” என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. என் நாக்கு உள்ளே போய்விட்டது. “கொஞ்சம் நேரமாகும்” என்று முடித்துவிட்டேன்.

மாதிரியை அவள் போனுக்கு அனுப்பினேன். கையளவு திரையில் அது அழகாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துக்கொள்ளாத குறை. “இதப் பாத்தா எங்க மாமியாருக்கே மாவு வாங்கணும்னு தோணும்க்கா!”

நாற்பத்து மூன்று முகங்கள்

அன்று மத்தியானம் ஒரு காதுகுத்து பேனர். தாய்மாமன்காரர் போனோடு வந்து நின்றார். பத்துக்கு எட்டு அடி பேனரில் நாற்பத்து மூன்று போட்டோ. யார் பக்கத்தில் யார், யார் படம் யாரைவிடப் பெரிது என்பதை முடிவு செய்ய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பெயர், மண்டபம், தேதி, நேரம் இந்த நாலையும் போட எனக்கு மிஞ்சியது அடியில் ஒரு சாண் அகலப் பட்டை. எந்த எழுத்தைப் போட்டாலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. எல்லாம் முடிந்து சரிபார்க்கும்போது காது குத்திக்கொள்கிற குழந்தை எங்கே என்று தேடினேன். நாற்பத்து மூன்றில் அது இல்லை.

“அய்யய்யோ, ஆமா!” என்று சிரித்துவிட்டு ஒரு படம் அனுப்பினார். அதற்காக அந்த ஒரு சாணிலும் பாதி போனது. மண்டபத்தின் பெயரே தெரியாது, நாலு முகத்தையாவது சிறிதாக்கட்டுமா என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டேன். “மண்டபம் எங்க கீதுன்னு போன் போட்டு கேட்டுப்பான்க்கா. மூஞ்சி சின்னதாப் பூட்ச்சுன்னா ஊட்டாண்ட வந்து சண்ட போடுவான்!”

பன்னிரண்டாம் நம்பர்

மறுநாள் சனிக்கிழமை தேன்மொழியின் பலகை அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் அவளைப் போனில் கூப்பிட்டு, வேறு எழுத்து பார்க்கலாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். கடைக்குள் நுழைந்தால், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒருவர் காத்திருந்தார். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வியாபாரம். முந்தின நாள் அப்பா தவறிவிட்டார்.

சாவுக்கு நான் எப்போதும் பன்னிரண்டாம் நம்பர்தான் போடுவேன். உருண்டையாக, அடக்கமாக, தலை குனிந்து நிற்பதுபோல இருக்கும். இதுவரை எண்ணூறு பேருக்கு மேல் அதில் போட்டிருக்கிறேன். அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அட்டையில் நாற்பத்தொன்றைத் தொட்டார். அது சண்டைப் படப் போஸ்டர் எழுத்து. ஓரமெல்லாம் உடைந்த கண்ணாடி. சாவுக்குச் சாந்தமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர் பதில் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். போட்டோவில் மீசையை முறுக்கிக்கொண்டு காமிராவை முறைக்கும் அந்த முகத்துக்கு நாற்பத்தொன்றுதான் பொருந்தியது. அப்படியானால் அந்த எண்ணூறு பேரையும் நான் ஒரே ஆளாக்கி அனுப்பிவைத்திருக்கிறேனா? எழுத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தேன்மொழிக்குப் போன் செய்யவில்லை. ஐம்பத்தெட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அந்த ஐஸ் வியாபாரி சொன்ன பதில் இதுதான்: “எங்கப்பா எப்பக்கா சாந்தமா இருந்தாரு? செத்துட்டாருன்னு புச்சா ஒரு கொணத்த ஒட்டி அனுப்ப சொல்றியா?”

நாலுக்குள் வரவில்லை

அன்னம் இட்லி மாவு திறந்த நாளை என் சமையலறைக் காலண்டரில் குறித்துவைத்தேன். முதல் நாள் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். பலகை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ரோஜா நிறம் தெரிந்தது, அதன் மேல் யாரோ நூல் பிரித்துப் போட்டதுபோல ஏதோ தெரிந்தது. பலகை போய்விட்டது. மறுநாள் அதே இடத்தில் டிராபிக்கில் பஸ் நின்றது. பதினொன்று வரை எண்ணினேன். என் கையால் கோத்த பெயரை, என்ன பெயர் என்று தெரிந்திருந்தும், என்னால் படிக்க முடியவில்லை.

இருபதாம் நாள் தேன்மொழி கடைக்கு வந்தாள். விலைப்பட்டியல் அடிக்க வந்ததாகச் சொன்னாள். வியாபாரம் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவளே சொன்னாள். ஃபிளாட்டுக்குப் போகிற வழியில் இறங்கி வருகிற பெண்கள் உண்டாம், உள்ளே எட்டிப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்களாம். ஏன் என்று அவளுக்கு நேற்றுதான் புரிந்ததாம். சொல்லும்போது சிரித்தாள், பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. “பியூட்டி பார்லர்னு நெனச்சு வர்றாங்கக்கா. நேத்து ஒருத்தி கிரைண்டரப் பாத்துட்டு, ‘இதுல ஃபேஷியல் மாவு அரைப்பீங்களா’ன்னு கேக்கறா.”

கட்டைவிரல்

அவள் போனபின் தடுப்பை விட்டு வெளியே வந்து பாஸ்கர் முன்னால் நின்றேன். அது வருஷத்தில் இரண்டு தடவை நடக்கும். அந்தப் பலகையை நாமே மாற்றிக் கொடுத்துவிடலாம், தப்பு என்னுடையது என்றேன். பாஸ்கர் கெட்டவர் இல்லை. கடைப் போனை எடுத்துத் தேடி, நான் அனுப்பிய மாதிரியையும் அதன் கீழே தேன்மொழி போட்ட கட்டைவிரல் படத்தையும் காட்டினார். எங்கள் தொழிலில் இப்போது கையெழுத்து, வாய்ச்சொல், முன்பணம் எல்லாவற்றுக்கும் மேலே அந்த மஞ்சள் கட்டைவிரல்தான். அது வந்துவிட்டால் அச்சு; அச்சானால் முடிந்தது. உள்ளங்கையில் பார்த்துச் சம்மதித்ததை முப்பது அடி தூரத்தில் மாட்டுவார்கள் என்பது அந்த விரலுக்குத் தெரியாது.

அவள் பார்த்தது போனில்தானே என்றேன். எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள் என்றார். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். “நீ சொல்லல, அவுங்க கேக்கல. கட்டவெரலு வுழுந்துச்சா இல்லியா? கோர்ட்டாண்ட போனாலும் நாமதான்க்கா ஜெயிப்போம்!”

லோகோ

அந்த வாரமே பக்கத்துப் புது ஃபிளாட் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். ஆட்டோவில் காய்கறி அனுப்பும் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். தமிழ் எழுத்தைக் கோடு கோடாக வெட்டி, வளைவையெல்லாம் எடுத்துவிட்டு, பார்க்க இங்கிலீஷ் மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஒன்பது விதம் செய்து காட்டினேன். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் எடுங்க என்றார். எட்டாவதில் கம்பெனிப் பெயர் மூன்று குச்சியும் ஒரு ஆணியுமாக நின்றது. ஒன்பதாவதில் ஆணியும் போய்விட்டது. யாராலும் படிக்க முடியாதே என்று கேட்டேவிட்டேன். தேன்மொழி விஷயத்தில் பட்டபின் எனக்கு அவ்வளவு தைரியம் வந்திருந்தது. அவருக்குக் கோபமே இல்லை. வகுப்பெடுப்பதுபோலச் சொன்னார். “படிக்க முடிஞ்சா அது போர்டு ஆன்ட்டி. படிக்க முடியலன்னாதான் லோகோ.”

இருபத்தாறு கட்டுரை

தேன்மொழியின் கடைக்கே போய், பலகையை மாற்று என்று சொல்வதென்று தீர்மானித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலர் வந்து மடியில் விழுந்தது. செயலாளர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு கட்டுரை கொண்டுவந்தார். இருபத்தாறையும் இருபத்தாறு விதமான எழுத்தில் போட வேண்டும் என்றார். புத்தகத்துக்கு அது அடுக்காது. பலகையில் எழுத்து கண்ணை இழுக்க வேண்டும். புத்தகத்தில் எழுத்து இருப்பதே தெரியாமல் கண் ஓட வேண்டும். இவர் கேட்டபடி செய்தால் பக்கத்துக்குப் பக்கம் வாசற்படி தடுக்கும். அதைச் சொல்ல வாய் வராமல், தினம் இரண்டு கட்டுரையாகத் தட்டினேன், அப்புறம் மூன்று நாள் பிழை திருத்தினேன். சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்க முடியவில்லை. அந்த மலர் என் பதினாறு நாளைத் தின்றது, தேன்மொழியின் தொண்ணூறிலிருந்து பதினாறையும் சேர்த்துத் தின்றது.

தட்டும்போது ஒன்று கவனித்தேன். ‘சொல்லொணா மகிழ்ச்சியில் திளைத்தேன்’ என்ற வரி பத்தொன்பது கட்டுரையில் வந்தது. கொசு ஒழிப்புக் கட்டுரையிலும் அது இருந்தது, மூன்றாம் வகுப்புக் குழந்தை எழுதிய கட்டுரையிலும் இருந்தது. பத்தொன்பது இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் கவுண்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். “ஆறு மாசமா கெஞ்சியும் ஏழு பேருதாம்மா எழுதிக் கொடுத்தாங்க. மிச்சம் பூரா நான்தான். ஒரே எழுத்துல போட்டா மாட்டிக்குவேன்மா!”

முப்பத்தெட்டு காலடி

மலர் முடிந்த மறுநாள், காலண்டர் கணக்கில் நாற்பத்தேழாம் நாள், சாப்பாட்டு வேளையில் தேன்மொழியின் கடைக்குப் போனேன். ‘அன்னம் இட்லி மாவு’ என்பதைப் பலகை அளவுக்கே முப்பத்தொன்றாம் நம்பரில் அச்செடுத்து, ஒன்பது தாளைப் பசை போட்டு ஒட்டிச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். முப்பத்தொன்று தடித்த எழுத்து. வால் கிடையாது, வளையம் அடைபடாது, மெய்யெழுத்தின் புள்ளி புள்ளியாகவே தெரியும். கடையில் அவள் மட்டும் இருந்தாள். பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. விற்காத மாவை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று வேளையும் பணியாரம் சுடுவதாகச் சொன்னாள். மாமியார் ஒன்றும் சொல்வதில்லையாம். ஒன்றும் சொல்லாமல் பணியாரத்தைத் தட்டோடு நகர்த்திவைக்கிறாராம்.

ஷட்டரைப் பாதி இறக்கி, தாளை அதில் ஒட்டிவிட்டு அவளை ரோட்டின் எதிர்ப்புறம் கூட்டிப்போனேன். முப்பத்தெட்டு காலடி. நாலு எண்ணுவதற்குள் படி என்றேன். இரண்டுக்குள் படித்துவிட்டாள். இப்போது மேலே இருக்கும் பலகையைப் படி என்றேன். நாலு ஆனது, எட்டு ஆனது, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாள். நான் பேசினேன். எழுத்தின் கோடு இரண்டு விரல் தடிமனாவது இருந்தால்தான் ரோட்டைத் தாண்டும், இது அன்றைக்கே எனக்குத் தெரியும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஷட்டரில் இருந்த தாளைப் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் குரலாகவே பதில் வந்தது. “என்ன தேனு இது, ரேஷன் கடை மாதிரி இருக்கு! மொதல்ல போட்டதுதான் கிளாஸா இருந்துச்சு.”

பதினோரு திருத்தம்

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. கணவருக்காக ஐம்பத்தெட்டும் வேண்டாம் முப்பத்தொன்றும் வேண்டாம், நடுவில் நாற்பத்து நாலு. மாமியார் கடை திறந்தபின் முதல் தடவையாக வாயைத் திறந்து, அம்மன் படம் இல்லாத பலகை என்ன பலகை என்றார். அவர் பேசியதே பெரிது என்று தேன்மொழி அம்மனைப் பெரிதாகவே போடச் சொன்னாள். கணவர் இங்கிலீஷிலும் பெயர் வேண்டும் என்றார். பிறகு போன் நம்பர். பிறகு அடை மாவு, தோசை மாவு, ராகி மாவு. பிறகு ஒரு வாழையிலை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் எழுத்து ஒரு விரல் இளைத்தது. பதினோரு திருத்தம். பாஸ்கர் இம்முறை கட்டைவிரலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. புதுப் பலகையை அவரே வண்டியில் எடுத்துப்போய் மாட்டிவிட்டு வந்தார். அறுபத்தாறாம் நாள்.

மறுநாள் பஸ்ஸில் எண்ணினேன். ஏழு. என் கண்ணை நான் நம்பவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணியிடம், அந்தக் கடைப் பலகையில் என்ன போட்டிருந்தது என்று கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை அப்போதுதான் கீழே இறக்கினார். “அம்மா படம் தெரிஞ்சுது, கும்புட்டுகினேன். அது இன்னா கடையோ, யாருக்குத் தெரியும்?”

தொண்ணூற்றொன்றாம் நாள்

ஷட்டர் மூடியிருந்தது. அடுத்த நாளும் மூடியிருந்தது. ஐந்து நாள் பார்த்தேன். ஆறாம் நாள் பலகையும் இல்லை, நாலு ஆணி மட்டும் இருந்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் வலது பக்கம் உட்கார ஆரம்பித்தேன். என் வாய்க்குள் நின்றுவிட்ட வார்த்தைகளால் ஒரு பெண்ணின் கடை போய்விட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தேன்மொழியின் குரல் கவுண்டரில் கேட்டது. குழந்தையின் பள்ளிக்கூட அட்டையை லேமினேட் செய்ய வந்திருக்கிறாள். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அவளே தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். “மன்னிச்சிடும்மா” என்றேன். “எதுக்குக்கா?” என்று கேட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசி நாள் மீந்துபோன மாவைக் கொட்ட மனம் வராமல், வெறும் கவரில் கட்டி, அவர்கள் பிளாக்கில் ஐந்து மாடியும் ஏறி வீட்டுக்கு ஒன்றாகச் சும்மா கொடுத்தாளாம். மறுநாள் பதினான்கு வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினார்களாம். இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு, “மாவு ரெடி” என்று குடியிருப்புக் குரூப்பில் குரலாக அனுப்புகிறாள். ஏழு மணிக்குள் எழுபது கவர் போய்விடுகிறது. கவருக்கு ரப்பர் பேண்டு போடுவது மாமியார். கணவர் கேட்டதற்கு, கடைக்குத்தானே தொண்ணூறு நாள் சொன்னாய், வீட்டுக்குச் சொல்லவில்லையே என்று அந்த மாமியாரே பதில் சொன்னாராம்.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. கவரில் ஒட்டச் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் செய்து தருகிறேன், நல்ல எழுத்தாக நானே பார்த்துப் போடுகிறேன் என்றேன். எந்த நம்பர் என்றுகூட அதற்குள் முடிவு செய்துவிட்டேன். மவுஸில் இருந்த என் கையை அவசரமாகப் பிடித்துக்கொண்டாள். “கோச்சுக்காதீங்கக்கா. பேரு போட்டிருந்த வரைக்கும் ஒருத்தரும் வரல. பேரே இல்லாம இப்பதான் ஓடுது. கெடுத்துடாதீங்க!”

பதினேழு வருஷத்தில் ஒருவருடைய பிழைப்பைக் காப்பாற்றிய எழுத்து என்று நான் துணிந்து சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் போடாதது.